பதினோராம் வரி

அம்பிட்டிய,
8.1.1973

அனுமதிப்பத்திரப் பிரிவின் எழுதுவினைஞர் அவர்கட்கு,

ஐயா,

துவக்குகளில் (துப்பாக்கிகளில்) பெயரும் இலக்கமும் வெட்டும் தொழிலுக்கு அனுமதி கோரும் என் விண்ணப்பம் இத்துடன் உள்ளது.

பதினேழு வருடங்களாக எழுத்து வெட்டுவதே என் சீவனம். பித்தளைப் பெயர்ப்பலகை, பரிசுக் கிண்ணம், கல்யாணக் குத்துவிளக்கு, துவக்கு எல்லாம் வெட்டியிருக்கிறேன். இதுவரை எவரும் என்னிடம் அனுமதி கேட்டதில்லை. எழுபத்தொன்றுக் கிளர்ச்சியின்போது ஊரிலிருந்த துவக்குகளையெல்லாம் பொலிஸ் வாங்கிப் பூட்டி வைத்தது. இப்போது உரியவர்களிடம் திருப்பிக் கொடுக்கிறார்கள். கிடந்த இடத்தில் துருவேறி இலக்கம் அழிந்து போனவற்றுக்குப் புதிதாக இலக்கம் வெட்டுவதற்கென்றால்தான் கையில் தருவார்களாம். அதை அனுமதி பெற்றவர் மட்டுமே வெட்டலாம் என்று போன கார்த்திகையில் வந்த சுற்றறிக்கை சொல்கிறது. அனுமதி பெற்ற ஒருவர் கொழும்பில் இருக்கிறாராம். ஹுன்னஸ்கிரியவில் மரவள்ளித் தோட்டத்தைப் பன்றி உழுதுகொண்டிருக்கும்போது தோட்டக்காரன் கொழும்புக்குப் போய் வரட்டும் என்பது தங்கள் திணைக்களத்தின் விருப்பம் போலும்.

பித்தளை இறக்குமதி நின்றுவிட்டதால் எனக்கு மிஞ்சியிருப்பது துவக்கு வேலை ஒன்றுதான். இந்த அனுமதி கிடைக்காவிட்டால் கடைக் கதவை மூட வேண்டும். இதைப் பரிதாபத்துக்காக எழுதவில்லை. படிவத்தின் ஆறாம் வரி 'காரணம்' கேட்கிறது, அதனால் எழுதுகிறேன்.

இந்த உறையைப் பிரிப்பவர் யார் என்பது எனக்குத் தெரியும். அது விண்ணப்பத்துக்குச் சம்பந்தமில்லாத விடயம்.

சு. அழகர்

*

கண்டி,
22.1.1973

திரு. சு. அழகர் அவர்கட்கு,

தங்கள் 8.1.1973 திகதிய விண்ணப்பம் பின்வரும் குறைகளுக்காகத் திருப்பி அனுப்பப்படுகிறது.

நான்காம் வரி: பிரஜாவுரிமைச் சான்றிதழ் இலக்கம் நிரப்பப்படவில்லை.

ஏழாம் வரி: துவக்குகளைப் பாதுகாப்பாக வைக்கும் இடம் என்பதற்கு 'இல்லை' என்று எழுதியுள்ளீர்கள். இரும்புப் பெட்டகமோ பூட்டிய அறையோ இருத்தல் வேண்டும்.

பதினோராம் வரி: விண்ணப்பதாரரை இருபது வருடங்களுக்குக் குறையாமல் அறிந்தவரும், உறவினர் அல்லாதவரும், விசாரணையன்று நேரில் வந்து சாட்சி சொல்லக்கூடியவருமான ஒருவரின் பெயர் நிரப்பப்படவில்லை.

திருத்தி மீள அனுப்பவும்.

மு. முஹ்ஸின்
எழுதுவினைஞர்

(கையால்) கந்தோருக்கு ஒருமுறை நேரில் வந்தால் விளக்கமாகச் சொல்லலாம். செவ்வாய்க்கிழமைகளில் சனம் குறைவு.

*

அம்பிட்டிய,
29.1.1973

ஐயா,

நேரில் வர மாட்டேன். நேரில் வருவதாகச் சொல்லிவிட்டு வராமல் போகிறவர்கள் உண்டு. வர மாட்டேன் என்று முன்கூட்டியே சொல்வது அதைவிட மரியாதை என்று நினைக்கிறேன்.

குறைகளுக்கு வருகிறேன். எளிதான ஏழாம் வரியிலிருந்து தொடங்கலாம். துவக்கு வைக்க என்னிடம் இடமில்லை, ஏனென்றால் நான் எந்தத் துவக்கையும் வாங்கி வைப்பதில்லை. குழலைக் கழற்றிவிட்டு, விசைக்குப் பக்கத்து இரும்பை மணல் அடைத்த தோல் மெத்தையில் சாய்க்கிறோம். மரப் பிடியான பிடங்கைப் பிடித்துக்கொண்டு எனக்கு எதிரே கதிரையில் உட்கார்ந்திருப்பவர் துவக்கின் சொந்தக்காரர். வளைந்த எழுத்து வெட்டும்போது நான் உளியைத் திருப்புவதில்லை, துவக்கைத்தான் திருப்ப வேண்டும். நான் சொல்லச் சொல்ல அவர் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புவார். தொடக்கத்தில் எனக்கு உதவியாள் இல்லாததால் வந்த பழக்கம் இது. பிறகு அதுவே நல்லதென்று பட்டது. ஆயுதம் ஒரு நிமிடமும் உரியவன் கையை விட்டு நீங்குவதில்லை.

ஹுன்னஸ்கிரிய ஹபீல் முதல்முறை வந்தபோது, "என்ன மாஸ்டர், வேல ஒங்களுக்கு, கை நோவு எனக்கா?" என்று கேட்டார். "துவக்கு யாருடையது?" என்றேன். "என்டதான்." "அப்ப கையும் உங்களுடையதாவே இருக்கட்டும்." ஒன்றரை மணித்தியாலம் உட்கார்ந்திருந்தார். போகும்போது, "இவ்வளவு நேரம் நான் பள்ளிவாசல்லயும் சும்மா இரிந்ததில்ல" என்றார். இப்போது அவருடைய துவக்கும் இலக்கமில்லாமல் பொலிஸில் கிடக்கிறது.

நான்காம் வரியையும் பதினோராம் வரியையும் பிரித்துப் பேச எனக்குத் தெரியவில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தைந்து, ஆனி மாதம், ஒரு வியாழக்கிழமை. இந்திய வம்சாவளிக்காரன் என்பதால் இங்கேதான் வாழ்ந்தேன் என்று நிரூபிக்க வேண்டியிருந்த என் பிரஜாவுரிமை விசாரணை. யுத்த காலத்தில் நம் பள்ளிக்கூடத்தை இராணுவம் எடுத்துக்கொள்ள, மூன்று வருடம் ஒரு தேயிலைக் களஞ்சியத்தில் படித்தோம். அந்த மூன்று வருட வரவு இடாப்பு காணாமல் போயிற்று. அந்த மூன்று வருடமும் நான் இந்த நாட்டில்தான் இருந்தேன் என்று சொல்ல, ஒரே வாங்கில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒருவர் இருந்தார். அவர் பெயரைத்தான் கொடுத்தேன். காலை ஒன்பதிலிருந்து மூன்று மணிவரை காத்திருந்தேன். பியோன் அவருடைய பெயரை மூன்று தடவை கூப்பிட்டான். மூன்றாம் தடவை கூப்பிடும்போது அவனுக்கே என்மேல் இரக்கம் வந்தது. வதிவிடம் நிரூபிக்கப்படவில்லை என்று எழுதி என் கோப்பை மூடினார்கள்.

அதே வருடம் எழுதுவினைஞர் பரீட்சையில் நான் பதினான்காவது. தாங்கள் இருபத்தைந்தாவது. சான்றிதழ் இல்லாதவனுக்கு நியமனம் இல்லை. எனவே தாங்கள் படிவங்களைத் திருப்பி அனுப்புகிறீர்கள், நான் குத்துவிளக்கில் மாப்பிள்ளை பெயர் வெட்டப் போனேன். பிறகு பிரஜாவுரிமைக்கு இரண்டாம் தடவையும் விண்ணப்பித்திருக்கிறேன். அது எந்த அலுமாரியில் தூங்குகிறதோ தெரியாது.

பதினோராம் வரி வெறுமையாகவே இருக்கும். ஒருமுறை அதை நிரப்பிப் பார்த்தவன் நான்.

சு. அழகர்

*

குண்டசாலை,
11.2.1973

அன்பின் அழகர்,

இது கந்தோர்க் கடிதமல்ல. வீட்டிலிருந்து எழுதுகிறேன். எப்படித் தொடங்குவதென்று தெரியாமல் இரண்டு தாள் வீணாகிவிட்டது. "ஒரு காயிதம் எழுத ஒரு கொப்பியே முடியும்போல" என்கிறாள் என் மனைவி றம்லத்.

அன்றைக்கு எனக்குக் காய்ச்சல் என்று சொல்லப் பதினெட்டு வருடமாக ஒரு பொய்யைத் தயாராக வைத்திருந்தேன். நீ கேட்கவே இல்லை. அதனால் அது பழசாகிப் போய்விட்டது. உண்மையைச் சொல்கிறேன். வேலையில் சேர்ந்து ஏழாவது வாரம். எனக்கு மேலே இருந்தவர் கூப்பிட்டு, இந்தியாக்காரருக்குச் சாட்சி சொல்லப் போகிறவர்களின் பெயரும் எங்காவது எழுதப்படும் என்றார். பயமுறுத்தவில்லை. தேத்தண்ணீர் குடித்துக்கொண்டே சொன்னார். வாப்பா மௌத்தாகி ஐந்து மாதம். தங்கச்சிமார் மூன்று பேர்.

ஆனாலும் வந்தேன். வாசல் வரை வந்தேன். நீ வாங்கில் உட்கார்ந்திருந்தாய். முதுகுதான் தெரிந்தது. கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை. பியோன் என் பெயரைக் கூப்பிட்டது எனக்குக் கேட்டது. மூன்று தடவையும் கேட்டது. பிறகு திரும்பிப் போய்விட்டேன். நியாயம் ஒன்றும் சொல்ல வரவில்லை மச்சான். நடந்ததை எழுதுகிறேன், அவ்வளவுதான்.

இனி, எழுத வந்த விடயம். உன் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பிய பிறகு மனம் கேட்காமல், சட்டப் புத்தகத்தை எடுத்து முதல் பக்கத்திலிருந்து வாசித்தேன். வெட்கமாக இருக்கிறது, இந்த மேசையில் பதினோரு வருடம் இருந்தும் படிவத்தைத் தவிர வேறொன்றையும் நான் வாசித்ததில்லை. துவக்குத் திருத்துகிறவருக்கோ எழுத்து வெட்டுகிறவருக்கோ பிரஜாவுரிமை வேண்டுமென்று சட்டத்தில் ஓரிடத்திலும் இல்லை. நன்னடத்தையும் நிரந்தர வதிவிடமும் மட்டுமே கேட்கிறது. பிறகு நான்காம் வரி எங்கிருந்து வந்தது? பழைய கோப்புகளைக் கிளறினேன். சாராயக் குத்தகைக்கு ஒரு படிவம் இருந்திருக்கிறது. அதைப் பார்த்து ஸ்டென்சில் வெட்டியவர் தலைப்பை மட்டும் மாற்றியிருக்கிறார். நான்காம் வரி அப்படியே வந்துவிட்டது.

தலைமை எழுதுவினைஞர் பொன்னுத்துரை ஐயாவிடம் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஐசே முஹ்ஸின், இருபது வருஷமாய் ஓடுற படிவம். நாலாம் வரியை ஆர் போட்டதெண்டு தேடப் போறீரோ? போட்ட மனுசன் பென்சனும் எடுத்து, செத்தும் போச்சுது." அந்த வரிக்காக எத்தனை பேரைத் திருப்பி அனுப்பினோம் என்று நானே எண்ணிப் பார்த்துச் சொன்னேன். உன்னைத் தவிர ஒன்பது பேர். ஒன்பதிலும் என் கையெழுத்து. "அப்ப ஏன் வாயைத் திறக்கிறீர்?" என்று கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "உமக்கு வேண்டிய ஆளெண்டால் அந்த ஒரு வரியில கோடு போட்டு அனுப்பும். நான் பாக்கேல்லை" என்றார்.

அப்படிச் செய்யலாம். உன் அனுமதி இரண்டு மாதத்தில் வந்துவிடும். என்ன சொல்கிறாய்?

ஏழாம் வரியைப் பற்றி நீ எழுதியதை நான்கு தடவை வாசித்தேன். தன் பொறுப்பில் வைக்கும் துவக்குகளுக்குத்தான் பெட்டகம் வேண்டுமென்கிறது சட்டம். ஒன்றையும் வைக்காதவனுக்கு எதற்குப் பெட்டகம்? வாதம் நிற்கும். வாப்பாவின் துவக்கும் பொலிஸில் இலக்கமில்லாமல்தான் கிடக்கிறது. மடவளைத் தோட்டத்தில் இந்த வருடம் எல்லாம் பன்றிக்குத்தான்.

முஹ்ஸின்

*

அம்பிட்டிய,
20.2.1973

ஐயா,

கடிதம் கிடைத்தது.

மூன்று தடவையும் கேட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டு தடவை என்று எழுதியிருந்தால் கிழித்துப் போட்டிருப்பேன்.

கோடு போட வேண்டாம். எனக்கு மட்டும் கண்ணை மூடிக்கொண்டு தரும் அனுமதி, இன்னொருவர் கண்ணைத் திறந்ததும் போய்விடும். அதைவிட, அந்த ஒன்பது பேரும் என்ன ஆனார்கள் என்று தங்களுக்குத் தெரியுமா? எனக்கு ஒருவரைத் தெரியும். காளிமுத்து. துவக்கின் விசை திருத்துவதில் அவரைப்போல ஒருவர் இந்தப் பக்கத்தில் இல்லை. இப்போது சைக்கிள் டியூபுக்கு ஒட்டுப் போடுகிறார். சான்றிதழ் இல்லாததே தன் குறை என்று இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறார். குறை அவரிடமில்லை, ஸ்டென்சிலில் என்று யார் சொல்வது?

ஒன்பது பேருக்கும் எழுதுங்கள். கந்தோர்த் தாளில், கந்தோர் முத்திரையோடு. அதற்குப் பிறகு என் விண்ணப்பத்தைப் பார்க்கலாம். முடியாதென்றால் அதையும் எழுதிவிடுங்கள். நான் காத்திருந்து பழகியவன், ஆனால் மூன்று மணியோடு எழுந்துவிடுவேன்.

இதை வாசித்துவிட்டு என் மனைவி வடிவம்மா, "கையில வந்த அனுமதிய நீங்களே தள்ளி விடுறீங்களே, கடைய மூடிட்டு ரெண்டு பேரும் என்ன செய்யப் போறோம்?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியையும் எழுதி உறையை ஒட்டுகிறேன்.

சு. அழகர்

*

குண்டசாலை,
2.4.1973

அன்பின் அழகர்,

ஆறு வாரமாக எழுதாததற்குக் காரணம் பயமல்ல. எழுதுவதற்கு ஏதாவது நடந்திருக்க வேண்டும் என்று பார்த்திருந்தேன்.

மாசி இருபத்தாறில் குறிப்பு எழுதி மேலே அனுப்பினேன். நான்காம் வரிக்குச் சட்டத்தில் இடமில்லை, அதன்பேரில் ஒன்பது விண்ணப்பங்களை நான் தவறாகத் திருப்பினேன் என்று எழுதினேன். 'நான்' என்றுதான் எழுதினேன். 'இப்பிரிவு' என்று எழுதச் சொன்னார் பொன்னுத்துரை ஐயா. "நானெண்டு எழுதினால் கல்லு உம்மட தலையிலதான் விழும்" என்றார். விழட்டும் என்றேன். "உமக்கு விசர்" என்று சொல்லிக் குறிப்பை வாங்கினார். ஆனால் மேலே அனுப்பியபோது அடியில் 'இதனை ஏற்கிறேன்' என்று அவரும் ஒரு வரி எழுதிக் கையொப்பமிட்டிருந்தார். அதை என்னிடம் சொல்லவில்லை. கோப்புத் திரும்பி வந்தபோதுதான் பார்த்தேன்.

விளக்கம் கேட்டார்கள். கொடுத்தேன். நான்காம் வரியை நீக்கச் சொல்லி உத்தரவு வந்தது. ஒன்பது பேருக்கும் கடிதம் தட்டச்சுச் செய்து பதிவுத் தபாலில் அனுப்பினேன். எட்டுக் கடிதம் சேர்ந்தது. ஒன்று திரும்பி வந்தது. 'இந்தியா போய்விட்டார்' என்று தபால்காரர் உறையின் மேல் எழுதியிருந்தார். அந்த உறையை மேசை லாச்சிக்குள் வைத்திருக்கிறேன். எறிய மனமில்லை.

காளிமுத்து போன கிழமை வந்தார். கடிதத்தைக் கையில் நீட்டி, "ஐயா, இது நெசமா, இல்ல யாராச்சும் வெளாட்டுக்கு எழுதினதா?" என்று கேட்டார். நிஜம் என்றேன். புதிய படிவம் கொடுத்தேன். அங்கேயே, வாசற்படியில் உட்கார்ந்து நிரப்பினார்.

எனக்கு மேசை மாற்றிவிட்டார்கள். இந்த முதலாம் திகதியிலிருந்து பிறப்பு இறப்புப் பதிவு. தண்டனை என்று நினைத்துத்தான் மாற்றினார்கள். இன்று நாள் முழுக்கக் கைக்குழந்தையோடு வந்தவர்கள்தான். எனக்கு ஒரு குறையுமில்லை.

இதில் ஒன்று இருக்கிறது. அனுமதிப்பத்திரப் பிரிவில் இருந்தால் நான் எவருக்கும் சாட்சியாக முடியாது. இப்போது அந்தப் பிரிவில் இல்லை. உன்னை எனக்கு முப்பத்தொரு வருடமாகத் தெரியும். உறவினன் அல்ல. உன் விசாரணை சித்திரை கழித்து, மே ஒன்பதாம் திகதி, உன் கடையில் நடக்கும்.

பதினோராம் வரியில் என் பெயரை எழுதுவாயா? எழுதாவிட்டாலும் எனக்குக் கோபமில்லை. கேட்காமல் இருந்தால்தான் பிறகு மனம் ஆறாது.

முஹ்ஸின்

*

அம்பிட்டிய,
10.4.1973

முஹ்ஸின்,

எழுதியிருக்கிறேன். பென்சிலால்.

அழகர்

*

குண்டசாலை,
13.5.1973

அன்பின் அழகர்,

ஒன்பதாம் திகதி ஒன்பது மணி விசாரணைக்கு நான் ஏழரைக்கே அம்பிட்டியச் சந்தியில் இறங்கிவிட்டேன் என்பது உனக்குத் தெரியாது. பஸ்ஸை நம்பவில்லை, என்னையும் நம்பவில்லை. சந்தித் தேநீர்க் கடையில் மூன்று பிளேன்டீ குடித்தேன். சீனி இல்லை என்று கருப்பட்டித் துண்டு கொடுத்தான். எட்டே முக்காலுக்கு உன் கடைக்கு வெளியே நின்றேன். உள்ளே நீ முதுகைக் காட்டி உளி தீட்டிக்கொண்டிருந்தாய். அதே முதுகு. கொஞ்சம் கூனல் விழுந்திருக்கிறது. இந்தமுறை உள்ளே வந்தேன்.

விசாரணை உத்தியோகத்தர் நல்ல மனிதர். உன்னோடு சிங்களத்தில் பேசிக்கொண்டே தோல் மெத்தையைத் தட்டிப் பார்த்தார், கதிரையில் தானே உட்கார்ந்து பார்த்தார், பெட்டகம் எங்கே என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை. களஞ்சியத்தில் படித்த மூன்று வருடத்தைப் பற்றி அவர் கேட்காமலே நான் சொல்லிக்கொண்டு போனேன். அது இந்த அனுமதிக்குத் தேவையில்லை என்று எனக்குத் தெரியும். கூரைத் தகரத்தில் மழை பெய்தால் வாத்தியார் வாயசைப்பது மட்டும் தெரியும், நீ அதைப் பார்த்து எனக்கு எழுதிக் காட்டுவாய் என்றேன். அவர் அதையும் எழுதிக்கொண்டார். உன் இரண்டாம் விண்ணப்பம் விசாரணைக்கு வரும்போது அவர் எழுதிய தாளின் பிரதி கிடைக்குமா என்று கேட்டேன். கிடைக்கும் என்றார். கிடைக்காவிட்டாலும் நான் அங்கே வருவேன்.

பிறகு, "பென்சிலில் எழுதியது செல்லாது" என்று படிவத்தை உன் பக்கம் தள்ளினார். நீ பேனாவைத் திறந்தாய். என் பெயரின் மேல் மையால் எழுதினாய். அந்த நேரம் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்தேன். அது போன வருடத்துக் கலண்டர்.

மை காய்வதற்குள் நான் பஸ்ஸுக்கு ஓடிவிட்டேன். வடிவம்மா பின்னால் கூப்பிட்டது கேட்டது. மன்னித்துக்கொள்ளச் சொல். கேட்டும் திரும்பாமல் போனது இதுதான் கடைசி.

வாப்பாவின் துவக்கைப் பற்றிப் பொலிஸிலிருந்து அறிவித்தல் வந்திருக்கிறது. ஆடி முடிவதற்குள் இலக்கம் வெட்ட வேண்டுமாம். இலக்கம் 88408. பிடங்கில் கொஞ்சம் வெடிப்பு இருக்கிறது.

முஹ்ஸின்

*

அம்பிட்டிய,
8.6.1973

முஹ்ஸின்,

நேற்று அனுமதிப்பத்திரம் வந்தது. இலக்கம் 1. இந்த மாவட்டத்தில் எனக்கு முன் எவருக்கும் கொடுக்காததால் அந்த இலக்கம், பரீட்சையில் முதலாவதாக வந்ததற்கல்ல. ஆனாலும் வடிவம்மா கண்ணாடிச் சட்டம் போடக் கொடுத்துவிட்டாள். காளிமுத்துவுக்கும் வந்துவிட்டதாம், இலக்கம் 2. இனித் திருத்தும் வேலை வந்தால் அவரிடம் அனுப்புவேன், எழுத்து வேலை வந்தால் இங்கே அனுப்புவார். ஹபீல் அதற்குள் செய்தி அறிந்து, திங்கட்கிழமை துவக்கோடு வருவதாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார். கை நோவுக்குத் தைலமும் கொண்டு வருவாராம்.

நான் சுலபமாக மறக்கிறவன் அல்ல. இந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு எல்லாம் தீர்ந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். பதினெட்டு வருடம் அவ்வளவு சின்ன விடயமல்ல. உன் கடைசிக் கடிதத்தை வாசித்தபின் அந்தப் பழைய கலண்டரைக் கழற்றிவிட்டேன். அதற்கு மேல் இப்போதைக்கு என்னால் முடியாது.

அன்று வடிவம்மா உன்னைக் கூப்பிட்டது தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போகச் சொல்லி. "ஒங்க கூட்டாளிக்குப் போட்ட டீய நீங்களே குடிங்க, நான் ஊத்த மாட்டேன்" என்று என் முன்னால் வைத்துவிட்டுப் போனாள். குடித்தேன். ஆறிப்போயிருந்தது.

வரும் ஞாயிறு அல்ல, அதற்கடுத்த ஞாயிறு, பதினேழாம் திகதி, வாப்பாவின் துவக்கைக் கொண்டு வா. ஒன்பது மணி. அனுமதிப்பத்திரத்தை எடுத்து வைத்து வாசித்துப் பார்த்தேன். அடியில் ஒரே ஒரு நிபந்தனை தட்டச்சுச் செய்திருக்கிறார்கள்: வேலை தொடங்கியதிலிருந்து முடியும்வரை உரிமையாளர் துவக்கைக் கையில் பிடித்தபடி எதிரே அமர்ந்திருத்தல் வேண்டும், எக்காரணம் கொண்டும் எழுந்து செல்லலாகாது.

88408. மூன்று எட்டு. எட்டுதான் எல்லாவற்றிலும் நேரமெடுப்பது, ஒவ்வொன்றையும் இரண்டு தடவை சுற்ற வேண்டும். நான் உளியை அசைக்க மாட்டேன். நீதான் திருப்ப வேண்டும், நான் சொல்லும்போது மட்டும், சொல்லுமளவுக்கு மட்டும். குறைந்தது இரண்டரை மணித்தியாலமாகும்.

சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்கிறாள் வடிவம்மா. நிபந்தனையில் அது இல்லை.

அழகர்